மூலம் பார்க்கும் பிரசிடென்ட்

மூலம் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வைத்தியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பார்க்கும் மூலம் வேறு. புளி விலை ஏறினாலும், பஸ் நிற்காமல் போனாலும், பக்கத்து வீட்டு மாமியாரும் மருமகளும் மயிரைப் பிடித்துக்கொண்டாலும், "இது இன்று முளைத்ததா? வேரைப் பாருங்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் வருஷம் பின்னால் போய்விடுவார்கள். திரும்பி வருவதுதான் கஷ்டம்.

எங்கள் பஞ்சாயத்து பிரசிடென்ட் பாண்டுரங்கன் இந்த இனத்தில் பழுத்த பழம். உத்திரமேரூர்க் கோயிலில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதல்லவா? பக்கத்து ஊரில் பிறந்த பாவத்துக்காகத் தமக்கும் அதில் பங்குண்டு என்று நம்புபவர்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் ஏரிக்கரை கசிந்தது. கரைக்குக் கீழேதான் கூலிக்காரர்களின் குடிசைகள். அங்கிருந்து சிட்டம்மாள் நனைந்துகொண்டே பிரசிடென்ட் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"கரை கசியுது பிரசிரெண்டையா! சாக்கு குடுங்க, மண்ணு ரொப்பிப் போட்டுர்றோம்."

"கசியுது, சரி. ஏன் கசியுது? சோழர் காலத்துல ஏரிக்குன்னே தனி வாரியம் இருந்துச்சு. அது எப்போ, யாரால அழிஞ்சுதுன்னு தெரிஞ்சாதான் இந்தக் கசிவு புரியும். குந்து, சொல்றேன்."

"குந்தினா வூடு பூடும்யா!"

அவர் பராந்தகனில் தொடங்கி, விஜயநகரத்தைத் தாண்டி, கும்பினிக்காரனைக் கப்பலிலிருந்து இறக்குவதற்குள் சிட்டம்மாளைக் காணோம். பின்கட்டில் அவருடைய நெல்லைத் தரையில் கொட்டிவிட்டு, சாக்குகளோடு அவளும் குடிசைப் பெண்களும் ஏரிக்குப் போயிருந்தார்கள். கரை நின்றது. குடிசைகளும் நின்றன.

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. ஏரியைப் பற்றியா? சாக்கைப் பற்றி! இந்த முறை பிரசிடென்ட் எந்த ராஜாவையும் துணைக்கு அழைக்கவில்லை. நேற்று, சிட்டம்மாள், திருட்டு. சரித்திரம் அவ்வளவுதான்.

"யாரைக் கேட்டுடீ நெல்லைக் கொட்டின?"

"வேரைப் பாக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருப்பீங்க? பாருங்க. அந்த நெல்ல நட்டது யாரு, அறுத்தது யாரு, சொமந்தாந்து உங்க வூட்ல போட்டது யாரு? அங்கேர்ந்து விசாரிச்சுக்கினே வாங்க. இன்னிக்கி நாங்க குந்திக் கேக்கறோம்."

பிரசிடென்டுக்குத் திடீரென்று தலைவலி. கூட்டம் கலைந்தது.

சிரிக்கிறீர்களா? போன மழையில் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோது, கீழே ஒரு பாத்திரம் வைப்பதற்கு முன்னால், அதை வேய்ந்தவனின் தாத்தா வரைக்கும் நீங்கள் போய்வரவில்லையா? இல்லையென்றால் மகிழ்ச்சி. எதற்கும் வீட்டிலிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.