எக்ஸ்ரே அறையில் ஒரு மர்ம மனிதர்

பாசத்திற்கும் பல்லுக்கும் உரிய டாக்டர் மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் அடக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், அப்பாவின் முன்பல் தவிர. என் போன் பறிமுதல் ஆகிவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் போன வாரம் வீட்டோடு உட்கார்ந்து பார்த்த த்ரில்லர் படத்தால் வந்த வினை. ஊரே மதிக்கும் தலைமையாசிரியர், ரகசியமாகக் கொள்ளைக்காரர். அவர் பெட்டகத்தில் கை வைத்ததும் அப்பா, "கிளவுஸ் போடாம தொடறான் பாரு, மாட்டப்போறான்" என்றார். அப்பாவும் அந்தக் கொள்ளைக்கார ரகமோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல் டாக்டரான அப்பா கிளவுஸைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவார் என்று யோசிக்கத் தோன்றவில்லை, தாய்மாமன் மூளை. மறுநாளே துப்பறியக் கிளம்பினேன். மதியம் கிளினிக்கில் கூட்டம் குறைந்ததும் அப்பா கிளவுஸ் மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார், நோயாளி யாருமே இல்லாமல்! விடுவேனா? போனில் வீடியோவை ஓடவிட்டு, கதவை உதைத்துத் திறந்து, "கையைத் தூக்கு!" என்று கர்ஜித்தேன். அப்பா இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றில் மிட்டாய்க் காகிதம். அதுவரை பல்லில் ஒட்டியிருந்த மிட்டாய் கீழே விழுந்தது, பல்லோடு. பிறந்தநாளுக்குக்கூட கேரட் வெட்டச் சொல்லும் மனிதர் மாமா! விரலில் பிசுபிசுப்பு தெரியக்கூடாதென்றுதான் கிளவுஸாம். முன்னறையில் டோக்கன் கொடுப்பது அம்மா ஆயிற்றே. "கதவச் சாத்துடா படுபாவி! உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்!" என்றார், பாதி காற்றாக. வீடியோவோடு என் போனையும் பிடுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டிலும் மாஸ்க்தான். "சாப்பிடறப்பவுமாங்க?" என்கிறாள் அம்மா. "ஊரெல்லாம் சளி" என்கிறார் அப்பா, ஓரத்தைத் தூக்கிப் பால் குடித்துக்கொண்டே. திங்கட்கிழமை என் பள்ளியில் 'இனிப்பைத் துறப்போம்' என்று பேசப்போகிறார். இந்த வாயோடு மேடை ஏறினால் ஆயுசுக்கும் நான் 'பொக்கை டாக்டர் பையன்'. உள்ளூரில் வேறு பல் டாக்டரிடம் போனால் மானம் போகும். தாங்கள் கட்டும் பல் தும்மினாலே விழும் என்று அப்பா சொல்வதையெல்லாம் மனத்தில் வைக்காமல், ஞாயிறன்று சும்மா வருவதுபோல் கருவிகளோடு வரவும். அம்மாவிடம் மூச்சு விட வேண்டாம்.

அத்தைக்கு வணக்கம். பாப்பாவின் புதுப் பற்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
துப்புக்கெட்ட துப்பறிவாளன்

பி.கு.: ஸ்டாம்ப் கேட்கப் போன இடத்தில் அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன், வாய்விட்டுச் சிரித்தாள். கடைவாயில் பெரிய ஓட்டை! "மாமாவ நேத்தே வரச் சொல்லியாச்சுடா. உங்கப்பா மிட்டாய டப்பாவுல ஒளிச்சு வைக்கிறார், நான் எடுக்கிறேன், இத்தனை நாளா அவருக்குத் தெரியல. நீ கெடுத்துடாதே" என்று என் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தாள். அதே மிட்டாய். மாமா, என் பல்லும் இப்போது லேசாக ஆடுகிறது. மூன்று பேருக்குத் தேவையானதைக் கொண்டு வரவும்.