சுடலாம், ஆனால் சத்தம் வரக்கூடாது

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

பெர்லினிலிருந்து மருமகன் எக்கார்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுவது. உங்கள் மகள் அல்முத் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததென்று கேட்டு மகிழ்ந்தோம். என் நிலைமையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

"நகரத்துல வேட்டை அதிகாரியா? என்ன மாப்பிள்ளை, புறாவையா சுடுவீங்க?" என்று கல்யாணத்தன்று கேட்டீர்கள். புறாவாக இருந்தால் பிழைத்திருப்பேன். போன வாரம், ஆளுக்கொரு துண்டுத் தோட்டம் வைத்திருக்கும் தோட்டக்காரர் சங்கத்தின் தலைவர் வீகாண்ட் போன் செய்தார். காட்டுப்பன்றி துலிப் கிழங்கையெல்லாம் தோண்டித் தின்றுவிட்டதாம், உடனே வந்து சுட வேண்டுமாம். போனால், அதே சங்கத்து லூடெக்கே அம்மாள் களைக்கொத்தோடு வழியை மறித்து, "மொதல்ல என்னைச் சுடுங்க, அப்புறம் அதைச் சுடுங்க" என்றார். அங்கேயே பொதுக்குழு கூடியது. காப்பியும் பிளம் கேக்கும் வந்தன, எனக்குத் தரவில்லை. கடைசியில் வீகாண்ட் தீர்மானத்தைச் சொன்னார்: "சுடலாம். ஆனா சத்தம் வரக்கூடாது. மத்தியானம் எல்லாரும் ஓய்வெடுக்குற நேரத்துல கூடாது. ஞாயித்துக்கிழமை கூடவே கூடாது. யார் தோட்டத்துலயும் ரத்தம் சிந்தக்கூடாது."

"பன்னிகிட்டயே சொல்லி, வெளியூர் போய்ச் சாகச் சொல்லட்டுமா?" என்றேன். அதையும் ஓட்டெடுப்புக்கு விட்டார்கள்.

மறுநாள் விடியலில் பன்றி வந்தது, பின்னாலேயே வரிவரியாய்க் குட்டிகள். பால்குடிக் குட்டிகளோடு இருக்கும் தாயைச் சுடக்கூடாதென்று காட்டோடு பழகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீகாண்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "அப்புறம் எதுக்குய்யா துப்பாக்கி, அழகுக்கா?" என்றார். வேலியில் உள்ள ஓட்டையை அடையுங்கள், உதிர்ந்த பழத்தை அள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அள்ளப் போன இடத்தில் பன்றி குடும்பத்தோடு படுத்திருக்க, வீகாண்ட் தன் தோட்டக் குடிலுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள, நான் அதை விரட்டக் கைதட்ட, அது என்னை விரட்ட, மரத்தில் ஏறி மத்தியானம்வரை தொங்கினேன் மாமா. குடிலின் ஜன்னல் திறந்தது. "வேட்டைக்காரரே, இதுங்க கேரட் திங்குமா?"

"போடாதீங்க ஐயா, போட்டா இங்கேயே குடியேறிடும்."

"பாவம், பிள்ளைங்க மெலிஞ்சு கிடக்கே" என்று வீச ஆரம்பித்தார். ஓய்வு நேரத்தில் கத்துவதாக லூடெக்கே அம்மாள் என்னைத்தான் அதட்டினார்.

முடியல மாமா. உங்க ஊர் ஹார்ஸ் மலைக் காட்டுல ஒரு வேலைக்கு வனத்துறைப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மிருகம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்ல, சங்கம் இல்லாம இருந்தா போதும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கிழட்டு நாயைத் தடவிக் கொடுக்கவும்.

தங்கள் மருமகன்,
எக்கார்ட்

பி.கு.: பெரியவரிடம் பேச வேண்டாம். இன்று காலை வீகாண்ட் அழாத குறையாகப் போன் செய்தார். பன்றிகளைக் காணோமாம், நான்தான் ஏதோ செய்துவிட்டேனாம். கடைக்குட்டி மட்டும் ரயில் பாதைப் பக்கம் தனியாகப் போனதை யாரோ பார்த்தார்களாம். அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்திலேயே கொஞ்சம் அசடு. அதைத் தேடி நான் போகாமல் வேறு யார் போவது?