பாட்டி ஜாடை

தாம்பரம் வட்டாரத்தில் கண்ணுக்கே தெரியாத மாப்பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர் எங்கள் புரோக்கர் ஒருவர்தான்.

உண்மையில் அவர் காலேஜில் செடி கொடி லேபுக்கு அட்டெண்டர். நான் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். மாடிப்படி ஓரம் அவர் ஒரு பெரணிச் செடி வைத்திருந்தார். பூக்காது, காய்க்காது. கோடை லீவில் மோட்டார் கெட்டு, தண்ணீரில்லாமல் அது செத்தது. இலைக்கு அடியில் இருந்த பழுப்புத் தூளை முன்னமே தட்டிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். பெரணிக்கு விதை மாதிரி அதுதான். மிச்சமும் அதுதான். இரண்டு ஈரச் செங்கல்லில் தூவி, அதே படி ஓரம் வைத்துக் கண்ணாடித் தொட்டியால் மூடினார்.

மாதங்கள் போயின. கல் பச்சையானது. பாசி என்று நினைத்து ஒன்றை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டேன். வந்து பார்த்தார். குந்தி உட்கார்ந்தார். திட்டவில்லை.

"பரவால்ல விடும்மா. இன்னொண்ணு கீதுல்ல."

லென்ஸைக் கொடுத்தார். வெற்றிலை வடிவில் பொடிப்பொடியாக என்னவோ தெரிந்தது. நகத்தளவுகூட இல்லை.

"இன்னாண்ணா, பெரணி மாரியே இல்லியே?"

"பெரணி பெத்த புள்ளம்மா இது. அம்மா மாரி இருக்காது. இதுங்க கல்யாணம் கட்டிப் பெத்தா, அது பாட்டி மாரி வரும்."

"மாப்ள எங்க?"

"இலைக்கு அடிலதான் கீறான். தண்ணி இருந்தாதான் நீந்திப் போவான்."

தினமும் இங்க் ஃபில்லரால் சொட்டு விடுவார். அப்போது பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது. ஒரு புரொபசரையே படியில் நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். மாப்ள போய்க்கினு கீறாரு."

புரொபசர் நின்றார். புரோக்கர் என்ற பெயர் அன்றைக்கு வந்தது.

ரிட்டயர் ஆனபோது கல்லை எடுத்துப் போகவில்லை.

"மாசமா இருந்தா? பெருங்களத்தூர் பஸ்ல குலுங்கக் கூடாதும்மா. நீ பாத்துக்க."

மறுவாரம் இன்ஸ்பெக்ஷன். படியில் பாசி மாதிரிப் பச்சையாக ஒன்றும் இருக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர். கல்லை வாளியில் வைத்து மேலே துடைக்கிற துணியைப் போட்டேன்.

"வாளில இன்னா?"

"அழுக்கு சார்."

தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு வெற்றிலைக்கு அடியிலிருந்து சுருண்ட இலை ஒன்று எட்டிப் பார்த்தது. நாலாவது இலை விரிந்ததும் போன் போட்டேன்.

"அண்ணா, பொறந்துடுச்சு."

அவர் கேட்டது ஒன்றுதான்.

"யாரு ஜாடை?"

"பாட்டி ஜாடைதாண்ணா."

மூக்கைச் சிந்தினார். "தண்ணி ஊத்து" என்று வைத்துவிட்டார்.

ஊற்றுகிறேன். கல்யாணம் முடிந்துவிட்டது, தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது மெல்லத்தான் நடக்கிறேன்.