நானூற்று முப்பத்தொன்பதாம் எண் சாலையில் உன் மகளும் உன் காரும்

கோச்சி,
நவம்பர் ஒன்பது.

புதுக் காரும் பழைய பிடிவாதமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற என் அருமைத் தம்பி முனேஹிகோவுக்கு, உனக்கு ஏழு வருடம் முன்னதாகப் பிறந்து, நீ பிறந்த நாள் முதல் உன்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் அண்ணன் கென்பெய் ஆசி கூறி எழுதுவது. மலையில் இலை சிவந்துவிட்டது, கடலில் காற்று திரும்பிவிட்டது, என் கம்பளி உள்ளாடையும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. பருவத்தைப் பற்றி எழுத வேண்டியது இவ்வளவுதான். அங்கே உன் மூக்குக்கண்ணாடிக் கடையும் உன் மனைவி மாசுயோவின் பல்வலியும் எப்படி? இங்கே நான் சுகம். உன் மகள் சிகுசா பரம சுகம். அடுத்த அறையில் என் பங்கு மீனையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி வருவது ஒருவராலும் நம்ப முடியாத கதை. நீ நம்பமாட்டாய், மாசுயோ நம்பமாட்டாள், பக்கத்தில் இருந்து பார்த்த நானே முழுதாக நம்பவில்லை. ஆனாலும் நம் குடும்பக் கல்லறையை வருஷத்துக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவுகிறவன் நான் (நீ அல்ல), அந்தக் கல்லின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: ஒரு சொல்லைக்கூட நான் தேவைக்கு மேல் பெரிதாக்கவில்லை.

நீ போட்ட நிபந்தனையை நீயே வசதியாக மறந்துவிடுவாய் என்பதால் எழுதி வைக்கிறேன். சிகுசாவுக்கு மலையூரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, ஏப்ரலில் சேர வேண்டும், அதற்குப் பொறுப்பேற்புத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாக அப்பாவின் முத்திரை வேண்டும். நீ என்ன செய்தாய்? முத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "உரிமம் வாங்கி ஒன்பது வருஷத்துல ஒரு நாள் வண்டியத் தொட்டிருக்காளா? தாகாமாட்சுலேருந்து கோச்சி வரைக்கும் அவளே ஓட்டட்டும். ஒரு கீறல் விழுந்தாலும் முத்திரை கிடையாது, என் கடையில உக்காந்து கண்ணாடி துடைக்கட்டும்" என்றாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ரயிலில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. துணைக்கும் வழி காட்டவும் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் நான். இதுவரைக்கும் சரிதானே?

சரி. நீ எழுதிக் கொடுத்த வழி இருக்கிறதே, நெடுஞ்சாலை ஏறி நெடுஞ்சாலை இறங்கி இரண்டு மணி நேரம், அதைப் பார்த்ததும் எனக்கு உன் மேல் இரக்கம்தான் வந்தது. முக்கால்வாசி சுரங்கம். அதற்குக் கார் எதற்கு, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்தால் அதே காட்சி. உன் தாளை மடித்து உன் வீட்டில் ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன் (மேஜை இப்போது ஆடுவதில்லை, நன்றி வேண்டாம்), என் வரைபடத்தை விரித்தேன். அழகான சாலையைத் தேர்ந்தெடுப்பது ஒரு வித்தை, தம்பி. வரைபடத்தில் தடித்த கோடு பொய் சொல்லும், மெல்லிய கோடு உண்மை பேசும். கிண்ணத்தில் நழுவி விழுந்த ஊதோன் சேமியா மாதிரி எந்தக் கோடு நெளிகிறதோ அதுதான் அழகான சாலை.

"பெரியப்பா, இதுல எது நல்ல ரோடு?" என்றாள் சிகுசா.

"நல்ல ரோடு வேணுமா, அழகான ரோடு வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணா இருக்காதா?"

"இருந்தா அங்க சுற்றுலா பஸ் நிக்கும்."

அவள் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு, "நான் வேலைக்குப் போகப்போற ஊரு இந்த நூல் மாதிரி கோட்டு மேலதான் இருக்கு. இதுல ஓட்ட முடியலைன்னா முத்திரை வாங்கி என்ன பண்றது? இதுலயே போவோம்" என்றாள். அதுதான் நானூற்று முப்பத்தொன்பது. அந்த எண்ணைக் கேட்டால் லாரிக்காரர்களே கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். வழியைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

புறப்படும்போது வண்டியின் பின்னால் புது ஓட்டுநருக்கான பச்சை இலைச் சின்னத்தை ஒட்டினேன், பக்கத்திலேயே எழுபது தாண்டியவர்களுக்கான நாலிலைச் சின்னத்தையும் ஒட்டினேன், சட்டப்படி இரண்டுக்குமே இடமில்லை என்று உன் மகள் கத்தினாள், நான் கேட்கவில்லை, பலன் என்ன தெரியுமா, பச்சைக் குழந்தை ஓட்டுகிறதா பல்லுப் போன கிழம் ஓட்டுகிறதா என்று புரியாமல் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஊர் எல்லையோடு நின்றுவிட்டார்கள், சக்கரவர்த்தியின் ஊர்வலம் மாதிரி சாலை முழுதும் எங்களுக்கே. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போனோம். முள்ளங்கிக் கட்டோடு சைக்கிளில் வந்த ஒரு அம்மா எங்களை முந்திக்கொண்டு போனாள், கடைக்குப் போய்த் திரும்பி எதிரே வந்தாள், இரண்டு தடவையும் அழகாகத் தலை குனிந்தாள். வழிகாட்டும் பெட்டிக்குள் இருக்கிற பெண்மணி முதலில், "தயவுசெய்து திரும்பவும்" என்றாள், அப்புறம், "முடிந்தால் திரும்பவும்" என்றாள், மலை ஏறியதும் ஒரு பெருமூச்சு விட்டு, "வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்களா?" என்று கேட்டுவிட்டு ராஜினாமா செய்துவிட்டாள். வழியில் இருந்த ஒவ்வொரு சாலையோர நிலையத்திலும் இறங்கி பயண நினைவுப் புத்தகத்தில் அந்த ஊர் முத்திரையைக் குத்தி ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். யூசு எலுமிச்சை ஐஸ்கிரீம், சர்க்கரைவள்ளி ஐஸ்கிரீம், நாலாவது இடத்தில் மீன்தூள் போட்ட ஐஸ்கிரீம், அதற்குப் பிறகு எனக்கு உள்ளங்கால் வரை மரத்துப்போய் வரைபடம் தலைகீழாகத் தெரிந்தது.

அதனால்தான் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் வழி கேட்கலாம் என்று இறங்கினேன். நல்ல தொப்பி, நல்ல மழைக்கோட்டு. "ஐயா, ஆற்றோரமாப் போற ரோடு அழகா, மேல கணவாய் வழியாப் போறது அழகா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அவசரப்பட்டு அபிப்பிராயம் சொல்லாத மனிதர் என்று மதிப்புக் கூடிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்தேன், என் இடுப்பு வலியையும் உன் குணத்தையும் விவரமாகச் சொன்னேன், முகம் சுளிக்காமல் கேட்டார். இருபது நிமிஷம் கழித்துச் சிகுசா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பெரியப்பா, அது வைக்கோல் பொம்மை. இந்த ஊர்ல ஆளை விடப் பொம்மைதான் அதிகம்." "தெரியும். ஆனா இவ்வளவு பொறுமையா நான் சொல்றதை நம்ம குடும்பத்துல எவன் கேட்டான்?" என்றேன். பொம்மை தலையை அசைத்து ஆமோதித்தது. மேல் வழியைத்தான் அது விரும்பியது என்று நினைக்கிறேன், மேலே போனோம்.

மேலே, தம்பி, சாலை உன் படுக்கை அகலம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே ஆறு, வளையல் பச்சையில், அதற்கு மேலே மேகம், மேகத்துக்கு மேலே எங்கள் முன் சக்கரம். அந்த அழகில் நான் என் பெயரை மறந்துவிட்டேன். அப்போதுதான் எதிரே ஒரு குட்டி லாரி வந்தது. நிறைய யூசு பழப் பெட்டி, ஓட்டுவது நிஷிமோரி என்று ஒரு கிழவர், எண்பத்தாறு வயது. இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லை, ஒருவர் பின்னால் போக வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? "நீங்க முன்னாடி வாங்க" என்று அவர் பின்னால் போனார். "ஐயோ, பெரியவங்க நீங்க வாங்க" என்று நாங்கள் பின்னால் போனோம். இரண்டு பேரும் பின்னால் போய் இரண்டு வளைவுக்கு அப்பால் மறைந்துவிட்டோம். அவர் வரவில்லையே என்று நாங்கள் முன்னால் வந்தோம், நாங்கள் வரவில்லையே என்று அவரும் முன்னால் வந்தார், மறுபடி அதே இடத்தில் மூக்கோடு மூக்கு. மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார், நெற்றி ஹாரனில் பட்டது, பாம் என்றது. பெரியவரை ஹாரன் அடிக்கவைத்துவிட்டோமே என்று சிகுசா பதறிக் குனிந்தாள், எங்கள் ஹாரன் பாம் என்றது. ஐயோ, பெண்பிள்ளை கோபித்துக்கொண்டாளே என்று அவர் இன்னும் தாழக் குனிந்தார், பாஆம். இப்படி முக்கால் மணி நேரம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறக் கோவிலில் இருந்தவர்கள் அதை மதிய மணி என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கல்லா தாளா கத்திரியா போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் ஜன்னல் வழியே கையை நீட்டினார்கள், ஜெயித்தவர் முதலில் போகலாம் என்று பேச்சு, இரண்டு பேருமே தோற்கப் பார்த்தால் ஆட்டம் எப்படி முடியும், அறுபத்திரண்டு தடவை சமம்.

அப்புறம் உன் மகள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "பெரியப்பா, அவருக்குப் பின்னாடி ஏத்தம், சுமை வேற இருக்கு. நாமதான் பின்னாடி போகணும், பேசாம இருங்க" என்றாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரி செய்தாள். போனாள் பார்! பதினொரு வளைவு, ஏழு கிலோமீட்டர், முன்னால் பதினெட்டில் போனவள் பின்னால் எண்பதில் போனாள், காற்றில் என் தொப்பி பறந்து பக்கத்து டோகுஷிமா மாவட்டத்தில் விழுந்தது, மலை ஆடுகள் இரண்டு காலில் நின்று பார்த்தன, குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக் காட்டி, "பார்த்துக்கோ, இப்படித்தான் ஓட்டணும்" என்றன. ஒதுங்கும் இடத்தில் ஊசியில் நூல் கோத்த மாதிரி வண்டியை நிறுத்தினாள். நிஷிமோரி பக்கத்தில் வந்து ஜன்னலை இறக்கினார்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? பஸ் ஓட்டுறியா?"

"தாகாமாட்சு கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணுங்க. ஏப்ரல்லேருந்து இங்கதான் நர்ஸு."

"அப்ப என் வீட்டுக்காரி முட்டிக்கு நீதான் வரப்போற. அவ வாய்க்குப் பயந்துதான் முன்னாடி இருந்த நர்ஸு ஓடிட்டா. நீ ஓடமாட்டே, பின்னாடிதான் போவே, அது போதும்" என்று சிரித்துவிட்டு ஒரு பெட்டி யூசுவைத் தூக்கிக் கொடுத்தார். உன் மகள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்கே பொய் அகப்படவில்லை.

பிறகு மலை இறங்கிக் கடலைப் பார்த்தோம், கடலும் எங்களைப் பார்த்து எழுந்து நின்றது. என் வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கும்போது கீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை; உன்னிடம் வாங்கியதை விட இரண்டு வயது இளமையாக, பளபளப்பாக இருந்தது. அக்கம்பக்கத்தார் புதுக் கார் என்று வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ முத்திரையோடும் சிவப்பு மையோடும் வந்துசேர வேண்டியது.

குளிர் ஏறுகிறது, இடுப்பில் சூட்டுப்பட்டை ஒட்டிக்கொள். மாசுயோவின் பல்லுக்கு என் மரியாதைகள். உன் கடைக்கு வருகிறவர்கள் கண் எல்லாம் அளவாக மங்கலாகி வியாபாரம் தழைக்கட்டும். நீ நீடூழி வாழ்ந்து, எனக்கு அடுத்தபடியாக நல்லவன் என்று பெயரெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மூத்தவன்,
கென்பெய்

பின்குறிப்பு: மீனை முடித்துவிட்டு வந்து சிகுசா இந்தக் கடிதத்தைப் படித்தாள். "இதைப் படிச்சிட்டு அப்பா முத்திரை குத்தினா அந்த வேலை எனக்கு வேண்டாம். நடந்ததை எழுதுங்க" என்று எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறேன். பொம்மை தலையசைக்கவில்லை. ஹாரனில் யாரும் இடிக்கவில்லை, கல் தாள் கத்திரி ஆட்டம் கிடையாது, கொடுத்தது பெட்டி அல்ல, மூன்று யூசு. குரங்கைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வண்டியில் கீறல் இருக்கிறது. பின்பக்க இடது மூலை, ஒரு சாண் நீளம். வாசல் வரை சுத்தமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவள் காலணி கழற்றப் போனாள். கொட்டகைக்குள் நானே விட்டுக் காட்டுகிறேன் என்று ஏறி, நாற்பது வருஷமாக அதே இடத்தில் நிற்கிற என் கல்விளக்கில் உரசினேன். "யார் போட்ட கீறல்னு அப்பா கேக்கலையே, விழுந்தாலும்னுதானே சொன்னார்" என்கிறாள் உன் மகள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் போட்டது. இனி முத்திரையைக் கொண்டுவருவதும் பூட்டி வைப்பதும் உன் இஷ்டம்.

ஆனால் அவள் வண்டியைப் பின்னோக்கி ஓட்டினாள், தம்பி. அது மட்டும் நடந்தது. ஏழு கிலோமீட்டர் இல்லை, நூற்றெண்பது மீட்டர். பதினொரு வளைவு இல்லை, மூன்று. நான் போட்ட கூச்சலில் முதல் வளைவுக்கு முன்பே என்னைக் கீழே இறக்கிவிட்டாள், அதனால் பாறையோரமாக நடந்து அடி எண்ணி அளந்தேன். ஓர் இடத்தில்கூட அவள் நிறுத்திச் சரி செய்யவில்லை.