கறுப்புக் கார் வந்த சனிக்கிழமை

"மின்கோ, அந்தக் கறுப்புக் கார் வந்திருக்கு" என்று போனில் சொன்னாள் பலகாரக் கடை ஸ்டாங்கா.

கிளப் செயலாளர் மின்கோ ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் செருப்புமாக அப்படியே நின்றுவிட்டார்.

"நல்லா பாத்தியா? தலைநகர் நம்பரா?"

"நம்பர் வேற பாக்கணுமா? ஆளே என் கடைக்குள்ளதான் உக்காந்திருக்கான். ரெண்டாவது பானித்சா உள்ள போயிட்டிருக்கு. வெண்ணெய் கம்மியாம், குறை வேற சொல்றான்."

"கறுப்புக் கண்ணாடி?"

"போட்டிருக்கான்."

"நோட்டு?"

"மேஜை மேல இருக்கு. டிரைவரு வெளிய சூரியகாந்தி விதை கொறிச்சிட்டிருக்கான். நான் வேணா அடுத்த பானித்சாவுல உப்பை அள்ளிப் போடட்டுமா?"

மின்கோ போனை வைத்துவிட்டு இன்னொரு ஷூவைத் தேடினார்.

எங்கள் ஊர் மெதெனித்சாவில் பெரிதாக ஒன்றும் கிடையாது. குடமிளகாயை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று, அந்த ஆலையின் பெயரில் ஒரு கால்பந்து கிளப். ஆலை ஓடுகிறது, கிளப் நொண்டுகிறது. பத்து வயதுப் பையனைப் பிடித்து, பத்து வருடம் கத்திக் கத்தி ஆட்டம் சொல்லிக்கொடுத்து, அவன் ஒழுங்காக உதைக்கத் தொடங்கும் மாதத்தில் தலைநகரிலிருந்து இந்தக் கார் வரும். அங்கே பெரிய கிளப் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை, 'அவங்க' என்றால் ஊருக்கே புரியும். அவங்க பெஞ்சில் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவனுடைய சம்பளத்தில் எங்கள் கிளப் ஒரு வருடம் ஓடும்.

காரில் வருபவர் பெயர் பலபானோவ். போனதற்கு முந்தின வருடம் தடுப்பாட்டக்காரன் இல்கோவைத் தூக்கிக்கொண்டு போனார். போன வருடம் விளாதோ. இரண்டு வருடமும் மின்கோ என்னென்னவோ தகிடுதத்தம் செய்து பார்த்தார். பருந்து மாதிரிக் கண் அந்த மனிதருக்கு. ஒப்பந்தத்தில் எழுதிய தொகையைக் கட்டிவிட்டால் ஆளை அனுப்பியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

இந்த வருடம் கதை வேறு. பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அன்று கடைசி இடத்து அணியை வென்றால் முதலிடம். கிளப் பிறந்து அறுபத்தெட்டு வருடத்தில் எங்கள் பெயர் மேலே நின்றதே இல்லை. ஆள் வாங்கும் காலம் அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இன்னும் ஆறு நாள் எங்களுக்குக் கோல் போடும் பையன் யாவோரைக் காப்பாற்றிவிட்டால் ஜனவரி வரை அவனை யாரும் தொட முடியாது.

"யாவோர் இன்னிக்கு ஆடல" என்றார் மின்கோ, மைதானத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

கோச் க்ரூம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அண்ணே, ஆறு ஆட்டத்துல பதினோரு கோல் போட்டிருக்கோம். ஒன்பது அவன் போட்டது. மிச்சம் ரெண்டுல ஒண்ணு, எதிராளி இவனைப் பாத்துப் பயந்து தன் கோல்லயே போட்டுக்கிட்டது."

"அதனாலதான் சொல்றேன். அந்தாளு முன்னாடி இவன் ஒரு கோல் போட்டா, அப்புறம் இவனை நாம டிவியிலதான் பாக்கணும்."

க்ரூம் பெருமூச்சு விட்டார். "சரி, வர்றது கடைசி இடத்து டீமு. எப்படியாவது சமாளிக்கிறேன். என்ன காரணம் சொல்றது?"

"கால்ல அடி."

யாவோரை உட்காரவைத்து முழங்காலிலிருந்து பாதம் வரை மின்கோவே கட்டுப் போட்டார்.

"மாமா, நான் இடது காலாலதான் கோல் போடுவேன். அந்தக் கால்ல கட்டைப் பாத்தா ஊரு பதறிடும்" என்றான் யாவோர்.

"பதறட்டும். நீ வாயை மூடிக்கிட்டு பாவமா உக்காரு."

பையன் சொன்னதுதான் நடந்தது. பார்வையாளர் மேடையின் ஓரத்தில் அவனை உட்காரவைத்த பத்தாவது நிமிடத்தில் சூப் பாத்திரத்தோடு ஸ்டாங்கா ஓடி வந்தாள். அவள் பின்னால் இரண்டு பேர் அழுதுகொண்டே வந்தார்கள். பாதிரியார் வந்து கட்டின் மேல் சிலுவை போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஒலிபெருக்கிக்காரனுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது.

"நம்ம ஊரோட தங்கக் கால், யாவோரோட இடது கால், சீக்கிரம் குணமாகணும்னு எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுங்க!"

எழுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்க மின்கோ ஓடினார். அதற்குள் மேடையில் உட்கார்ந்திருந்த பலபானோவும் எழுந்து திரும்பிப் பார்த்து, நோட்டைத் திறந்துவிட்டார்.

"யாருங்க அந்தப் பையன்?" என்று மின்கோவிடம் கேட்டார்.

"அவனா சார்? ஆலையில டப்பாவுக்கு லேபிள் ஒட்டுறவன்."

"லேபிள் ஒட்டுறவனுக்கா இவ்வளவு கைதட்டல்?"

"எங்க ஊர்ல தொழிலாளின்னா தனி மரியாதை சார். பழைய காலத்துப் பழக்கம்."

பலபானோவ் மெதுவாக ஏதோ எழுதினார். மின்கோவுக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி விழுங்கிவிடலாம் போலிருந்தது.

மேடைக்குப் பின்னால், மதில் சுவருக்கு அந்தப் பக்கம், செப்டம்பர் மாதம் முழுக்க ஸ்டாங்காவும் ஊர்ப் பெண்களும் குடமிளகாய் சுட்டு ரொட்டியோடு விற்பார்கள். ஆட்டம் தொடங்கியதும் மின்கோ யாவோரை அங்கே இழுத்துக்கொண்டு போனார். கட்டை அவிழ்த்துவிட்டு, தலையில் முக்காடும் இடுப்பில் சமையல் துணியும் கட்டிவிட்டார்.

"ஸ்டாங்கா, யாராச்சும் கேட்டா இவன் உன் தங்கச்சி பொண்ணு."

"என் தங்கச்சி பொண்ணுக்குத் தாடி கிடையாது."

"குனிஞ்சு தோல் உரிக்கச் சொல்லு!"

இருபதாவது நிமிடத்தில் எங்கள் ஆள் ஒருவன் உதைத்த பந்து மதிலைத் தாண்டிப் போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்த நொடி அந்தப் பந்து மதிலுக்கு மேல் எழும்பி வந்து, பாதி மைதானத்தைக் கடந்து, வலது ஓரமாக வளைந்து, எதிரணி கோலுக்குள் போய் விழுந்தது. அந்த அணியின் கோல்கீப்பர் வழக்கப்படி பாய்ந்தும் பார்த்தான்.

"யாவோர்! யாவோர்!" என்று எழுநூறு வாய்கள் கத்தின.

நடுவர் மட்டும் மனசு வைத்திருந்தால் அன்றைக்கு எங்களுக்கு ஒரு கோலாவது இருந்திருக்கும்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" என்று கேட்டார் பலபானோவ்.

"மிளகாய் சுடுற பொம்பளைங்க சார்."

"உதைச்சது யாரு?"

"ஸ்டாங்கா. அறுபத்திரெண்டு வயசு. நல்ல உடம்பு."

பலபானோவ் எழுந்து மதிலை நோக்கி நடந்தார். மின்கோ மேடைக்கு அடியில் குனிந்து புகுந்து, தலையில் இரும்புக் கம்பி இடித்து, அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். யாவோரை மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார். பலபானோவ் எட்டிப் பார்த்தபோது மூட்டைக்கு வெளியே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, பந்தாட்ட ஷூவோடு. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். எழுதினார்.

யாவோர் இல்லை என்றதும் கடைசி இடத்துக்காரர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அலை அலையாக வந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் ஸ்லாவி ஏழு பந்துகளைத் தடுத்தான். ஒன்றை முகத்தால் தடுத்தான். கூட்டம் அவன் பெயரைப் பாடியது. நடுக்களத்தில் லோசான் ஒற்றை ஆளாக ஓடி ஓடி நாக்குத் தள்ளினான்.

இதற்கு நடுவே பக்க நடுவர் ஆஃப்சைடு கொடியைத் தூக்கினார், பலபானோவ் கை தட்டினார். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. பெரிய நிபுணர்களுக்கு நமக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கும் என்று மின்கோ நினைத்துக்கொண்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் பலபானோவ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்லாவி நிற்கும் திசையில் பார்த்தார். கோலுக்கு மேலே கடிகாரமும் இருந்தது. மின்கோவின் கண்ணுக்கு ஸ்லாவி மட்டுமே தெரிந்தான்.

இடைவேளையில் அவர் கோச்சைச் சுவரோடு சாய்த்தார்.

"ஸ்லாவியை எடுத்துடு."

"அண்ணே, உங்களுக்குக் கிறுக்கு ஏதாவது பிடிச்சிருக்கா? அவன் ஒருத்தனாலதான் இன்னும் ஜீரோ-ஜீரோ!"

"அதான் எடுக்கச் சொல்றேன். இன்னும் ரெண்டு பந்தைப் பிடிச்சான்னா அவனும் போயிடுவான்."

"அவனுக்கு பதிலா யாரைப் போட? மெதோதிக்கு நாப்பத்தியொரு வயசு. ஆலையில சரக்கு வண்டி ஓட்டறான். குனிஞ்சா நிமிர முடியாது."

"அவன் போதும். கடைசி இடத்து டீம்தானே!"

மெதோதியைத் தேடிப் பிடித்தபோது அவர் வாய் நிறைய ரொட்டி இருந்தது. "நானா? இப்பதான் அஞ்சு மிளகாய் சாப்பிட்டேன்!" என்றார். கையுறையை மாட்டி உள்ளே தள்ளினார்கள்.

ஸ்லாவி ஒத்துக்கொள்கிற ஆளில்லை. பந்துகளும் வலைகளும் போட்டு வைக்கும் அறைக்குள் புதுக் கையுறை இருப்பதாகச் சொல்லி மின்கோ அவனை உள்ளே அனுப்பி, வெளியே பூட்டிவிட்டார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுத் திரும்பினால், எதிரே பலபானோவ். கழிப்பறைக்குப் போகும் வழி அதுதான்.

உள்ளிருந்து கதவு டமடமவென்று அதிர்ந்தது.

"என்னங்க சத்தம்?"

"எலி சார்."

"மின்கோ மாமா! கதவைத் தொறங்க! ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு!" என்றது எலி.

"உங்க பேரெல்லாம் சொல்லுதே?"

"பழைய கட்டடம் சார். ரொம்ப நாளாப் பழகிடுச்சு."

பலபானோவ் அங்கேயே நின்று, நோட்டைச் சுவரில் வைத்து எழுதினார். பிறகுதான் கழிப்பறைக்குப் போனார்.

மெதோதி முதல் பந்துக்குக் குனிந்தார், இரண்டாவது பந்து வரும்போதும் குனிந்தபடியே இருந்தார். மூன்றாவதை அவர் பார்க்கவே இல்லை. மூன்று-பூஜ்யம். க்ரூம் தன் தொப்பியைத் தரையில் போட்டு மிதித்தார். அறுபத்தெட்டு வருடத்தில் எட்டாத முதலிடம் அன்றும் எட்டாமலே போனது. "மின்கோ, வீட்டுக்குப் போ!" என்று ஊரே கத்தியது. சூரியகாந்தி விதைத் தோல் மழையாகக் கொட்டியது.

மின்கோ துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. திட்டட்டும். முதலிடம் அடுத்த வாரம் வரும், இல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம் வரும். யாவோர் இருக்கிறான், ஸ்லாவி இருக்கிறான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது.

அந்த நிம்மதி முக்கால் மணி நேரம் நீடித்தது. ஆலை முதலாளி தெல்சேவ் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"யாவோர், ஸ்லாவி. ரெண்டு பேரையும் கேட்டுட்டாங்க" என்றார் தெல்சேவ். "எழுதியிருக்கிற தொகையை அப்படியே கட்டறாங்க. நான் என்ன பண்ண முடியும் மின்கோ?"

மின்கோ இரண்டு காகிதங்களையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஆட்டமும் போச்சு, ஆளுங்களும் போச்சு" என்றார் பின்னாலேயே வந்திருந்த க்ரூம். "அவனுங்க ரெண்டு பேரையும் ஆட விட்டிருந்தா ஒரு வாரமாவது மேல இருந்திருப்போம். பேப்பர்ல வர்ற பட்டியலை வெட்டி ஒட்டி வெச்சிருப்பேன்."

வெளியே யாவோர் நின்றிருந்தான். முக்காடு இன்னும் கழுத்தில் தொங்கியது, கையெல்லாம் மிளகாய்க் கரி.

"மாமா, கோவமா?"

"உன் மேல என்னடா கோவம்? போ. ஆனா இல்கோ மாதிரி அங்க போய் பெஞ்சைத் தேய்ச்சிட்டு உக்காராத. ரெண்டு வருஷமா அவன் ஷூவுல மண்ணே படல." சொல்லும்போதே மின்கோவுக்கு அழுகை வந்துவிட்டது. பையன் கட்டிக்கொண்டான். பத்து வயதில் பந்தைப் பார்த்தாலே ஒதுங்கி ஓடியவனை இழுத்து வந்து ஆட வைத்தவர் அவர்தான்.

பலபானோவ் தெல்சேவோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். மின்கோ கறுப்புக் காரைத் தேடிப் போனார். டிரைவர் பென்யோ பானெட்டில் சாய்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரே ஒரு விஷயம் சொல்லு. நான் உன்கிட்ட சண்டைக்கு வரல" என்றார் மின்கோ. "எங்க லோசான் தொண்ணூறு நிமிஷமும் உங்க சார் மூக்குக்கு முன்னாடியே ஓடினான். அவன் பேரைக்கூட அவரு கேக்கல. ஒருத்தன் மிளகாய் மூட்டைக்குப் பின்னாடி, இன்னொருத்தன் பூட்டின ரூமுக்குள்ள. ரெண்டு பேரையும் கரெக்டாப் பொறுக்கிட்டாரு. அப்படி என்னதான்டா கண்ணு அவருக்கு?"

பென்யோ தோலைத் துப்பிவிட்டு, பலபானோவ் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அட நீங்க வேற அண்ணே, அவருக்குப் பந்தாட்டமே தெரியாது, 'மெதெனித்சாவுல மின்கோ யாரை ஒளிச்சு வைக்கிறாருன்னு மட்டும் பாத்து எழுதிட்டு வா'ன்னுதான் வருஷா வருஷம் அனுப்புறாங்க."