ஒன்பதாம் பத்தி

பெற்ற மகளைப் பார்க்க விருப்பமில்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, கையெழுத்தும் போட்டு, கோர்ட்டில் கொடுத்தவன் நான். முத்திரையும் குத்தினேன். (அதற்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள்.)

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் அப்போதே பதினைந்து வருடமாக ஏற்றுமதிப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: கஸ்டம்ஸில் கேள்வி வந்தால் வாதாடாதே. எடையில் நாலு கிலோ இடிக்கிறதா? ஒத்துக்கொள். கப்பல் காத்திருக்காது. மத்தியானத்துக்குள் திருத்தம் போட்டுக்கொள்ளலாம்.

என் மனைவி ராஜேஸ்வரி விவாகரத்து கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். பதினான்கு பத்திகள். நாலாவதில் இப்படி இருந்தது: "நான் எதைச் சொன்னாலும் எதிர்மனுதாரர் 'சரி, சரி' என்பார். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது." எதிர்மனுதாரர் நான்தான். கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் வாசிக்க முடியாமல் மடக்கி வைத்துவிட்டேன்.

நான் பார்க்காத பேப்பரா, வக்கீல் எதற்கு என்று எதிருரையை நானே எழுதினேன். "பத்தி 1 முதல் 14 வரை அனைத்தும் ஒப்புக்கொள்ளப்படுகின்றன. விரைந்து முடித்துத்தர வேண்டுகிறேன்." கீழே, பழக்கதோஷம், ஆபீஸ் முத்திரை: 'சரிபார்க்கப்பட்டது'.

அடுத்த வாய்தாவில் நீதிபதி அம்மா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பதாம் பத்தியையும் ஒத்துக்கிறீங்களா?"

"எல்லாத்தையும் ஒத்துக்கிடுதேம்மா."

"மகளைப் பார்க்க உங்களுக்கு விருப்பமில்ல, பார்க்க அனுமதியும் தர வேண்டாம்னு இருக்கு."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "தப்பாப் போச்சும்மா. மத்தியானத்துக்குள்ள திருத்திக் குடுத்துருதேன்" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. ராஜேஸ்வரி சிரிக்கவில்லை.

"இது சரக்கு இல்லைங்க" என்றார் நீதிபதி அம்மா. "எழுதி ஒத்துக்கிட்டதை அவ்வளவு லேசா மாத்த முடியாது. காரணம் சொல்லித் திருத்த மனு போடுங்க. அவங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னும் கேக்கணும்."

ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் தர்ஷினியை ஞாயிறுதோறும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். மனு முடியும்வரை அதுவும் வேண்டாம் என்று அவர்கள் தரப்பு வக்கீல் சொல்லிவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை கை பழக்கத்தில் அவளுக்கு மக்ரூன் வாங்கிவிட்டது. வெள்ளிவரை பொட்டலம் பிரிக்காமல் இருந்து எறும்புக்குப் போனது. அந்த இரண்டு மாதத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுத எனக்கு வராது.

எங்கள் தெரு வக்கீல் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"ஏலே, ஊரான் பேப்பரையெல்லாம் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குத. ஒம் பிள்ளையப் பத்தி எழுதினத வாசிக்கலையா?"

"நாலாம் பத்தி வரைக்கும் வாசிச்சேன் அண்ணாச்சி."

"அப்புறம்?"

"முடியல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மேல் திட்டவில்லை. "திருத்துததுதான் திருத்துதோம், நாலையும் சேத்து மறுத்துருவமா?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அது உண்மை."

கேட்காமலே 'சரி, சரி' என்கிறான் என்று அவள் எழுதினாள். வாசிக்காமலே 'சரி' என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவள் தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

விசாரணையன்று ராஜேஸ்வரி எழுந்து நின்றாள்.

"ஆட்சேபணை இல்லம்மா. ஒன்பதாவது எங்க வக்கீலு சேத்தது. பிள்ள மேல இவருக்கு உசுரு. காதுதான் கேக்காது."

மறுபடியும் கோர்ட் சிரித்தது. நானும் சிரித்தேன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன. ராஜேஸ்வரி கிடைக்கவில்லை. (அதற்குத் திருத்த மனு கிடையாது.)

தர்ஷினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன ஞாயிறு கடற்கரையில், போனில் அம்மாவோடு பேசிக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டாள். நான் ஒரு கப்பலைப் பார்த்தபடி "சரிம்மா" என்றேன்.

"என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்?"

கப்பலைக் கை காட்டினேன்.

அவள் போனில் கத்தினாள்: "எம்மா, அப்பா திரும்பவும் ஒன்பதாம் பத்தி!"

அந்தப் பக்கம் ராஜேஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் ஓயும்வரை கவனமாகக் கேட்டேன்.