பெண் கேட்கப் போய் சித்தப்பாவானேன்

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்துகொண்டிருந்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. மரத்துக்கு மரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அழுகை வந்தது. பெண் கேட்கப் போன வீட்டில் சற்றுமுன்தான் என்னைச் சித்தப்பாவாக்கி அனுப்பியிருந்தார்கள்.

தப்பு என்னுடையதுதான். ஏழாம் வகுப்போடு கிளம்பியவன் நான். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கினேன், லாரிகளில் மூட்டை ஏற்றினேன், இடம் கிடைத்தால் தூங்கினேன். பெற்றோர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அப்பாவின் ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. முதல்முறை பெண் கேட்டபோதே செல்வியின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எங்க பூர்வீகமும் அந்த ஊருதான்டா. ஆனா யார் வூட்டுப் புள்ளைன்னு தெரியாம பொண்ண எப்பிடிக் குடுக்கறது?"

கள்ளக்குறிச்சி நூலகத்தில் பழைய வாக்காளர் பட்டியல்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நூலகர் அம்மா ஒரு கட்டை எடுத்து வைத்தார். அந்த ஊரின் பக்கத்தைப் புரட்டினால்: பொன்னுசாமி, தந்தை அய்யனார், வயது இருபத்தாறு. என் அப்பா! முகம்கூட ஞாபகமில்லாத மனிதர், என்னைவிட இரண்டு வயது சின்னவராக, அச்சில் இருந்தார். செத்துப்போன ஊர் முழுக்க அந்தத் தாளில் வீடு வீடாகக் குடியிருந்தது. (என் வாயில் ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது.)

அந்தப் பிரமிப்பில்தான் புத்தி கெட்டது. அடுத்துத் தாத்தாவைத் தேடினேன். அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது ஊர்ச்சாமியின் பெயரை வைப்பார்கள். பட்டியலில் எட்டு அய்யனார்கள். பெரிய தெரு, கதவு எண் இரண்டில் இருந்தவரை எழுதிக்கொண்டேன். (தாத்தா என்று ஒருவர் கிடைப்பதே அபூர்வம், பெரிய தெருவில் கிடைக்கட்டுமே!)

தாளைப் படித்த செல்வியின் அப்பா எழுந்துவிட்டார்.

"இது எங்க தாத்தாடா! ஓடிப்போன எங்க சித்தப்பன் பேர மாத்திக்கினாரா? அவரு மவனா நீ? தம்பீ!"

கட்டிக்கொண்டு அழுதார். "செல்வி, சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டாம்மா."

செல்வி டம்ளரை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் என் சட்டையில்.

மரங்களைத் தாண்டி வந்து சேர்ந்தபோது நூலகத்தின் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். நூலகர் அம்மா பட்டியலையும் என்னையும் பார்த்தார்.

"வூட்டு நம்பரப் பாக்கலியா? ஒங்கப்பா நாப்பத்தி மூணு. மேல பாரு."

அப்பாவுக்கு நேர் மேல்வரியில், அதே நாற்பத்து மூன்றில், ஓர் அய்யனார். கோடித் தெரு. இத்தனை காலமும் அப்பனும் பிள்ளையும் ஒட்டி உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா திருத்தி எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான், தம்பி போய்விட்ட துக்கத்தோடு, செல்வியின் அப்பா மருமகனை ஏற்றுக்கொண்டார். கோபம் வந்தால் இன்றும் செல்வி, "சித்தப்பா, சோறு துன்ன வரீங்களா?" என்பாள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

அன்று கிளம்பும்போது நூலகர் அம்மா கேட்டார். "வேல எதுனா இருக்கா?"

"இல்லீங்க."

"காலைல வா. இதெல்லாம் தூசு தட்டணும்."

மறுநாள் கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். துணியைக் கையில் கொடுத்தார். முதலில் நாற்பத்து மூன்றாம் எண் வீட்டைத் துடைத்தேன்.